செவலைக் கன்னும் எங்க ஐயனோட நிறமும்

சித்திரை, வைகாசியில் எங்க பக்கம் காட்டில் பெரிய வேலை இருக்காது. "அப்போ அந்த ரெண்டு மாசமும் என்னதான் பண்ணுவீங்க?" என்று டவுனில் இருக்கும் நண்பர்கள் கேட்பார்கள். கிணறு தூர் வாருவோம். கிளுவை வேலியில் விட்டுப்போன இடத்துக்குப் போத்து வெட்டி நடுவோம். கண்ணபுரம் மாட்டுச்சந்தைக்குப் போய் வாங்காவிட்டாலும் நாலு காளைகளைப் பார்த்துவிட்டு வருவோம். இந்த வருஷம் அதோடு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. வீட்டில் கிடந்த பழைய கலர் நெகட்டிவ்களை நானே உட்கார்ந்து ஸ்கேன் செய்தேன். மொத்தம் 23 துண்டு, 104 படம்.

படத்தை கம்ப்யூட்டருக்குள் கொண்டுவருவது பெரிய வித்தை இல்லைங்க. நாலு ராத்திரியில் முடிந்துவிட்டது. நிறத்தைச் சரியாக வரவைக்கத்தான் ஒன்றரை மாசம் ஆனது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு டப்பா இருக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

எங்க தாய்மாமன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர். 80-களின் நடுவில் ஒரு யாஷிகா கேமரா வாங்கினார். ஊருக்கு வரும்போதெல்லாம் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவார். 36 படம் பிடிக்கும் ரோலை மாரியம்மன் நோம்பிக்குப் போட்டால் தீபாவளிக்குத்தான் கழட்டுவார். அவ்வளவு சிக்கனம். கழுவிப் பிரிண்ட் போட்ட படங்கள் எல்லாம் எங்கள் வீட்டு ஆல்பத்தில் இருந்தன. ஒரு மழைக்காலத்தில் சுவர் ஓதம் ஏறி, படங்கள் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக்கொண்டு போயின. மிச்சத்தைச் செல் அரித்துவிட்டது. ஸ்டுடியோக்காரர்கள் காகிதக் கவரில் போட்டுக் கொடுத்த நெகட்டிவ்கள் மட்டும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்ததால் பிழைத்துக்கொண்டன.

எங்க ஐயன் (எங்க பக்கம் அப்பாவை இப்படித்தான் சொல்வோம்) 1993-ல் தவறிப்போனார். அப்போது வீட்டில் மாட்டுவதற்காக ஒரு குரூப் போட்டோவிலிருந்து அவர் முகத்தை மட்டும் வெட்டிப் பெருசு பண்ணிக் கொடுத்தார்கள். பின்னால் நீல வானம், கழுத்தில் துண்டு, முகம் நல்ல எலுமிச்சம்பழ நிறம். அந்தக் காலத்தில் ஸ்டுடியோவில் அதுதான் வழக்கம். செத்தவருக்குச் செய்யும் மரியாதை என்றே நினைத்தார்கள். எங்க அம்மா மட்டும் விளக்குப் போடும்போதெல்லாம் முணுமுணுக்கும்: "எந்தக் காலத்துல இவரு இப்புடி வெள்ளையா இருந்தாரு? வெயில்லயே கெடந்த ஆளு. கருவேலங்கட்ட மாதிரி இருப்பாரு."

பேரன் பேத்திகளுக்கு அந்த எலுமிச்சம்பழ முகம் மட்டும்தான் அப்பாரு. வேறு படமே இல்லை. டின்னைத் திறந்து துண்டுகளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தபோது, ஒரு ஏழெட்டுப் படத்தில் அவர் நிற்கிறார் என்பது தலைப்பாகையை வைத்துத் தெரிந்தது. அந்தப் படங்களில் அவர் அவராகவே வரவேண்டும். எனக்கு அது மட்டும் போதும் என்றிருந்தது.

முதலில் கருவிகள். அக்கா மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அவனுடைய பழைய கேமராவும் கிட்டத்தில் பிடிக்கும் மேக்ரோ லென்ஸும் கொடுத்தான். எங்க ஊர் ஆசாரி பழைய வேப்பம்பலகையில் ஒரு பெட்டி செய்து, மேலே பிலிம் நுழைகிற மாதிரி ஒரு காடி போட்டுக் கொடுத்தார். உள்ளே எல்.இ.டி. விளக்கு, அதற்கு மேல் பால் வெள்ளை அக்ரிலிக் தகடு. விளக்கில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மலிவான எல்.இ.டி.யில் சிவப்பு குறைவாக இருக்கும். வாங்கும்போது சி.ஆர்.ஐ. 95-க்கு மேல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மொபைல் ஸ்கிரீனை விளக்காக வைத்தாலும் வேலை நடக்கும். ஆனால் பிலிமை ஸ்கிரீன் மேலேயே வைக்காமல் இரண்டு விரல்கடை உயரத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் ஸ்கிரீனின் புள்ளிகள் படத்தில் விழும்.

வேலை எல்லாம் ராத்திரியில்தான். வீட்டு விளக்கை அணைத்துவிட வேண்டும். டியூப்லைட் வெளிச்சம் பிலிமின் மேல் பட்டுத் திரும்பினால் அந்த நிறமும் படத்தில் ஏறிவிடும். படத்தைச் சுற்றி வெளிச்சம் கசியாமல் கறுப்பு சார்ட் பேப்பர் வைத்துக்கொண்டேன். கோடை மழை பெய்த அன்றைக்கு மட்டும் வேலை ஓடவில்லை. ஊரில் உள்ள ஈசல் முழுக்க அந்தச் சின்ன வெளிச்சத்துக்கு வந்து, எங்க அக்கா கல்யாணப் படத்தின் மேல் இறங்கிவிட்டது.

கேமராவில் எதையும் ஆட்டோவில் விடக்கூடாது. ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, ஒயிட் பேலன்ஸ், வெளிச்ச நேரம் எல்லாமே ஒரு ரோல் முழுக்க மாறாமல் இருக்க வேண்டும். ரா ஃபைலாக எடுங்கள். பிளாட்பெட் ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் அதிலுள்ள ஆட்டோ கலர், ஆட்டோ எக்ஸ்போஷர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு 16 பிட் டிஃப் ஃபைலாக எடுக்கலாம்.

அதே டின்னில் ஆறு கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களும் இருந்தன. அதெல்லாம் சுலபம். வெள்ளையைக் கறுப்பாக்கு, கறுப்பை வெள்ளையாக்கு என்றால் முடிந்தது. அந்தக் காலத்தில் நம்ம ஊட்டியிலேயே பிலிம் செய்தார்கள். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு கம்பெனி, 'இந்து' என்ற பெயரில் விற்றார்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். சில ஸ்கேனர்களில் தூசியைத் தானாக நீக்க அகச்சிவப்புக் கதிர் வசதி இருக்கும். கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள் என்பதால் அது படத்தையே தூசி என்று நினைத்துக் கெடுக்கும். அதை நிறுத்திவிடுங்கள்.

கலர் நெகட்டிவ்தான் வம்பு. வெளிச்சத்தில் பார்த்தால் பூராவும் ஒரு செங்காவி நிறம் தெரியும். அப்படியே தலைகீழாக்கினால் எல்லாமே மங்கலான நீலமாக வரும். நிறைய பேர் இந்த இடத்தில் பிலிம் பழசாகிக் கெட்டுப்போச்சு என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது கெட்டுப்போனதல்ல, கம்பெனியே வேண்டும் என்று போட்டது.

ஏன் போட்டார்கள் என்று படித்துப் பார்த்தேன். கலர் பிலிமில் மூன்று சாயம் இருக்கிறது: மஞ்சள், மெஜந்தா, சயான். மஞ்சள் நீல வெளிச்சத்தைத் தடுக்க வேண்டும், மெஜந்தா பச்சையை, சயான் சிவப்பை. ஆனால் உலகத்தில் சுத்தமான சாயம் கிடையாது. மெஜந்தா கொஞ்சம் நீலத்தையும் சேர்த்துத் தடுக்கிறது. சயான் கொஞ்சம் பச்சையையும் நீலத்தையும் தடுக்கிறது. சாயம் அதிகமாக இருக்கும் இடத்தில் இந்தக் கலப்படமும் அதிகம், குறைவாக இருக்கும் இடத்தில் குறைவு. இதைச் சரிக்கட்ட 1940-களில் கொடாக் ஆராய்ச்சியாளர்கள் ஒரு உபாயம் கண்டுபிடித்தார்கள். அது நம்ம மண்டிக் கணக்குதான்.

நிலக்கடலை எடை போடும்போது சாக்கு எடையைக் கழிப்பார்கள் இல்லையா? ஒவ்வொரு சாக்கும் ஒவ்வொரு எடையாக இருந்தால் ஒவ்வொன்றையும் பிரித்துத்தான் கழிக்க வேண்டும். எல்லாச் சாக்கும் ஒரே எடை என்றால் ஒரே ஒரு காலிச் சாக்கை எடை போட்டால் போதும், நூறு மூட்டைக்கும் அதே கழிவு. பிலிமில் அவர்கள் செய்தது அதுதான். சாயம் குறைவாக இருக்கும் இடத்தில் அந்தக் கலப்படத்துக்குச் சமமான நிறத்தை அவர்களே சேர்த்து வைத்தார்கள். இப்போது கலப்படம் பிலிம் முழுக்க ஒரே அளவு. அந்த ஒரே அளவுதான் நம் கண்ணுக்குச் செங்காவியாகத் தெரிகிறது. 1972-ல் கொடாக் கொண்டுவந்த சி-41 முறையில் கழுவிய பிலிம்தான் பின்னாளில் எல்லா ஊர் ஸ்டுடியோவிலும் ஓடியது. கொடாக் ஆகட்டும், கோனிகா ஆகட்டும், இந்தச் சாக்கு இல்லாமல் இருக்காது.

அதனால் முதல் வேலை காலிச் சாக்கை எடை போடுவது. இரண்டு படங்களுக்கு நடுவில் ஒன்றும் விழாத ஒரு சின்ன இடைவெளி இருக்கும். அதுதான் காலிச் சாக்கு. ஸ்கேன் எடுக்கும்போது அந்த ஓரமும் சேர்ந்து வருகிற மாதிரி எடுங்கள். நான் டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் செய்தேன். 2020-ல் அதில் நெகாடாக்டர் என்று ஒரு பகுதி சேர்த்தார்கள். அதில் பிலிம் ஓரத்தைத் தொட்டுக் காட்டினால் அந்த நிறத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. வியூஸ்கேன் வைத்திருப்பவர்களுக்கும் பிலிம் அடிநிறத்தைப் பூட்டி வைக்கும் வசதி உண்டு. ஒரு ரோலுக்கு ஒரு தடவை எடை போட்டு, அதே கழிவை அந்த ரோலின் எல்லாப் படத்துக்கும் போட வேண்டும். ரோல் மாறினால் சாக்கும் மாறும், கழுவிய தண்ணி மருந்து மாறினாலும் மாறும். அப்போது புதுசாக எடை போட வேண்டும்.

இதைச் செய்யாமல் ஆட்டோவில் விட்டால் என்ன ஆகும்? மென்பொருளுக்கு நம்ம ஊரைத் தெரியாது. ஒரு படத்தில் உள்ள நிறத்தையெல்லாம் கலக்கினால் சராசரியாகச் சாம்பல் வரவேண்டும் என்பது அதன் எண்ணம். சாம்பல் வராவிட்டால் வரும்வரை தள்ளும். டவுன் தெருவில் கார், கட்டடம், சட்டை, போர்டு என்று நிறம் கலந்து கிடக்கிறது. அங்கே அந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும். எங்க காட்டில் அப்படியா? நிலக்கடலை பூப்பூத்து நிற்கும் காட்டைப் படம் பிடித்தால் முக்கால் படம் பச்சை. மென்பொருள் "பச்சை ரொம்ப ஜாஸ்தி" என்று குறைக்கும். செடி சாம்பல் பூத்து, நடுவில் நிற்கும் ஆள் ரோஸ் கலரில் வருவார். உழுது போட்ட செம்மண் காட்டைக் கொடுத்தால் நீலத்தை ஏற்றி, மண்ணைச் சிமெண்ட் மாதிரி ஆக்கிவிடும். சாயங்கால மஞ்சள் வெயில் படம் என்றால் வெயிலையே துடைத்து எடுத்துவிடும். ஒரே ரோலில் அடுத்தடுத்த படத்தில் அதே சேலை மூன்று நிறத்தில் வந்தால், இந்தச் சராசரிக் கணக்குதான் காரணம் என்று புரிந்துகொள்ளலாம்.

காலிச் சாக்கைக் கழித்த பிறகும் கொஞ்சம் சாய்வு மிச்சம் இருக்கும். பிலிம் முப்பது நாற்பது வருஷம் வெயில்கால உஷ்ணத்தில் டின்னுக்குள் கிடந்திருக்கிறது. மூன்று சாயமும் ஒரே வேகத்தில் வெளிறுவதில்லை. அதனால் வெளிச்சமான இடம் ஒரு நிறத்துக்கும் நிழல் இன்னொரு நிறத்துக்கும் சாயும். ஒரே ஒரு பொத்தானைத் திருகி இதைச் சரிசெய்ய முடியாது. நிழலைத் தனியாக, வெளிச்சத்தைத் தனியாகத் திருத்த வேண்டும். நெகாடாக்டரில் இரண்டுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. மற்ற மென்பொருளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி கர்வ் வளைக்கலாம்.

எந்த அளவுக்குத் திருத்துவது? அதற்குப் படத்துக்குள்ளேயே ஒரு சாட்சி வேண்டும். நிறமே இல்லாத ஒரு பொருள், அதாவது வெள்ளை, சாம்பல், கறுப்பு. வேட்டி வெள்ளைதானே என்று அதை நம்பிவிடாதீர்கள். புது வேட்டியில் நீலம் போட்டிருப்பார்கள். காட்டு வேட்டியில் செம்மண் காவி ஏறியிருக்கும். நெற்றியில் திருநீறு நல்ல சாட்சி. கிணற்று மேட்டுக் கருங்கல், காய்ந்த சிமெண்ட் தொட்டி நல்ல சாட்சி. எங்களுக்குக் கிடைத்த நல்ல சாட்சி எங்க மயிலைக் காளை. காங்கயம் காளை கழுத்து, திமில் பக்கம் கறுத்து, உடம்பு சாம்பலாக இருக்கும். வெள்ளையிலிருந்து கறுப்புவரை ஒரே மாட்டில் கிடைக்கிறது. போட்டோக்காரர்கள் காசு கொடுத்து வாங்கும் சாம்பல் அட்டையைச் சாமி எங்களுக்குத் தோல் போட்டு அனுப்பியிருக்கிறார்.

அந்தக் காளை நிற்கும் படத்தில் ஐயன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் அம்மா. காலடியில் ஒரு கன்னுக்குட்டி. மாட்டை வைத்துச் சாம்பலைச் சரி பண்ணினேன். படம் ஒரு மாதிரி நிலைக்கு வந்தது. அக்கா மகனுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

"மாமா, சூப்பரா வந்திருக்கு. கன்னுக்குட்டிதான் ரொம்ப ரெட்டா இருக்கு. ரெட் கொஞ்சம் கம்மி பண்ணிருங்க. அப்பாரு மூஞ்சியும் கொஞ்சம் பிரைட் ஆயிரும்."

"மாப்ளே, காங்கயம் கன்னு செவலையாத்தான் பொறக்கும். ஆறு மாசம் ஆவறப்பத்தான் மயிலைக்கு மாறும். உனக்கு ஞாவகம் இருக்காது."

"அப்படியா? தாயும் காளையும் வெள்ளையா இருக்கு, குட்டி மட்டும் எப்படி செவப்புன்னு நெனச்சேன்."

அவன் சொன்னதில் தப்பில்லை. கெட்டிக்காரப் பையன், கம்ப்யூட்டரில் என்னைவிட நூறு மடங்கு தெரியும். ஆனால் அவன் மாடு கட்டிய வாசலில் வளரவில்லை. சிவப்பைக் குறைத்திருந்தால் படம் பார்க்க நன்றாகத்தான் இருந்திருக்கும். கன்னுக்குட்டி பொய்யாகியிருக்கும், கூடவே ஐயனும் வெளுத்திருப்பார். ஸ்டுடியோவில் 1993-ல் நடந்ததே இங்கேயும் நடந்திருக்கும்.

முகத்தை வைத்து நிறம் பிடிப்பது எவ்வளவு ஆபத்து என்று கொடாக் கதையிலேயே இருக்கிறது. பிரிண்ட் போடும் லேப்களுக்கு மாதிரிக்காக ஒரு படம் அனுப்புவார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் உட்கார்ந்திருப்பாள். அவள் தோல் சரியாக வந்தால் மெஷின் சரி. முதலில் மாடலாக இருந்தவர் கொடாக்கில் வேலை பார்த்த ஷெர்லி என்ற பெண். அப்புறம் யார் படம் வந்தாலும் அதற்கு 'ஷெர்லி கார்டு' என்றே பெயர் நின்றுவிட்டது. பல வருஷம் கழித்துத்தான் கறுப்பு, மாநிறத் தோலையும் சேர்த்து மாதிரிப் படங்கள் வந்தன. மாதிரியே அப்படி இருந்தால் வெயிலில் நின்ற மனுஷனின் நிறம் எப்படித் தப்பிக்கும்? அதனால் ஒரு முடிவு செய்தேன். ஐயன் முகத்தைத் தொட்டு நிறத்தைத் திருத்துவதே இல்லை. மற்றதெல்லாம் சரியாகட்டும். முகம் அதோடு எப்படி வருகிறதோ அப்படி வரட்டும்.

சாம்பல் சரியானால் மட்டும் போதாது, ஒரு நல்ல அழுத்தமான நிறமும் ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மாவுக்கு 76 வயது. தை மாசம் வலது கண்ணுக்குப் புரை ஆபரேஷன் ஆகியிருந்தது, இடது கண் பாக்கி. படத்தைக் காட்டியதும் அம்மா ஒரு கண்ணைப் பொத்தியது, அப்புறம் மறு கண்ணைப் பொத்தியது.

"ஏனப்பா, இந்தக் கண்ணுல பாத்தா சேலை ஒரு மாதிரி ஊதாவாட்டம் தெரியுது. அந்தக் கண்ணுல பாத்தா பழுப்பாத் தெரியுது. நான் எதையின்னு சொல்லட்டும்?"

டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். வயசாக ஆகக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளாகும், நீலத்தை உள்ளே விடாது. கொஞ்சம் கொஞ்சமாக ஆவதால் நமக்குத் தெரிவதில்லை, மூளை அதைக் கழித்துக்கொண்டே போகும். புது லென்ஸ் வைத்ததும் நீலம் திடீரென்று அள்ளிக்கொண்டு வரும். அதாவது அம்மாவின் இடது கண்ணிலும் ஒரு செங்காவிச் சாக்கு இருக்கிறது. வலது கண்ணில் அதைக் கழட்டியாகிவிட்டது.

அம்மாவே ஒரு வழி சொன்னது. "அந்தச் சேல பொட்டியிலதான்டா இருக்குது." போய் எடுத்துக்கொண்டு வந்தது. அரக்குப் பட்டு, பச்சைக் கரை. வெளி மடிப்பு வெளிறியிருந்தது. உள்மடிப்பைப் பிரித்தால் வாங்கினபோது இருந்த நிறம் அப்படியே இருந்தது. காலையில் ஜன்னல் பக்கம், நேர் வெயில் படாத இடத்தில், ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தேன். ஸ்கிரீன் வெள்ளையும் தாள் வெள்ளையும் ஒன்றுபோலத் தெரியும்வரை ஸ்கிரீனின் வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றினேன். கண்ணுக்கு இதமாக மஞ்சளாக்கும் நைட் லைட் வசதியை அணைத்துவிட வேண்டும், இதைப் பல பேர் மறந்துவிடுவார்கள். அப்புறம் சேலை மடிப்பைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து அம்மாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ரெண்டும் ஒண்ணா, வேறயா?"

இப்படிக் கேட்டால் எந்தக் கண்ணாக இருந்தாலும் பரவாயில்லை. கண்ணில் மஞ்சள் இருந்தால் அது சேலைக்கும் உண்டு, படத்துக்கும் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே சாக்கு. அம்மா ஒரு கண்ணால் பார்த்தது, மறு கண்ணாலும் பார்த்தது. "படத்துல இன்னுங் கொஞ்சம் கத்தரிப்பூவா அடிக்குது." நிழல் பக்கம் நீலத்தை ஒரு துளி குறைத்தேன். "இன்னுங் கொஞ்சம்." குறைத்தேன். "ம்... இப்ப ஒண்ணு."

சேலையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நாங்கள் இரண்டு பேரும் ஐயனைப் பார்க்கவே இல்லை. சேலை ஒத்துவந்ததும் அம்மாவின் கண் அப்படியே இடது பக்கம் போனது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"இவருதான். இதுதான் உங்கய்யன்."

நல்ல கறுப்பு. வெயில் பட்ட கன்னத்தில் செம்பு மாதிரி ஒரு மினுக்கம். கழுத்துக்குக் கீழே, சட்டை மறைக்கும் இடத்தில் கொஞ்சம் வெளிர். தினமும் காட்டில் நிற்கிறவர்களுக்கு இருக்கும் கோடு அது, எனக்கும் இருக்கிறது.

எங்க சின்னப் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறது. வீட்டில் எல்லோரும் மாநிறம், அது மட்டும் நல்ல கறுப்பு. விசேஷத்துக்குப் போனால், "இந்தப் புள்ள ஆருமாதிரி? உங்க ரெண்டு பேர்லயும் சேத்தி இல்லையே" என்று யாராவது ஒரு கிழவி கேட்காமல் விடாது. அது ஒன்றும் சொல்லாது. போட்டோ எடுக்கும்போது மட்டும் பின்னால் போய் நின்றுகொள்ளும். அன்றைக்கு பள்ளிக்கூடம் லீவு. சத்தம் கேட்டு வந்து பார்த்தது. ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் கையை நீட்டி வைத்தது, சேலையை வைத்தோமே, அதே மாதிரி.

"அப்பாரு என்னைய மாதிரியே இருக்காரு."

"அவரு உன்னைய மாதிரி இல்ல சாமி, நீதான் அவரு மாதிரி," என்றது அம்மா.

அதற்கப்புறம் அந்த ரோலின் மற்ற படங்களுக்கு நான் மெனக்கெடவே இல்லை. அதே கழிவு, அதே திருத்தம், அப்படியே போட்டேன். எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

எல்லாப் படமும் இப்படிப் பிழைக்கவில்லை. ஒன்பது படத்தில் பூஞ்சை ஏறி, நிறம் திட்டுத் திட்டாகப் போய்விட்டது. அதை எந்த மென்பொருளும் கொண்டுவராது. ஈரத்துணியால் துடைத்தால் இருப்பதும் போய்விடும், காற்று ஊதித் தூசியை மட்டும் எடுங்கள். அக்கா கல்யாண ராத்திரிப் படங்களில் ஒரு பக்கம் டியூப்லைட் பச்சை, ஒரு பக்கம் குண்டு பல்பு மஞ்சள். பொண்ணு மாப்பிள்ளை முகத்துக்குச் சரி பண்ணினால் பந்தல் பச்சையாகிறது. அந்தப் பச்சை அன்றைக்கு உண்மையிலேயே இருந்த வெளிச்சம், பிலிம் கண்டதைத்தான் சொல்கிறது என்று விட்டுவிட்டேன். மாடுகள் பட்டிக்குத் திரும்பும் சாயங்காலப் படம் ஒன்று, பூராவும் பொன் நிறம். அதையும் தொடவில்லை. திருத்த வேண்டியது பிலிமின் குறையை மட்டும்தான், வெயிலின் நிறத்தை அல்ல.

பிரிண்ட் போடக் கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. லேப் மெஷினும் ஆட்டோவாக நிறம் திருத்தும். "எந்தக் கரெக்‌ஷனும் வேண்டாங்க, ஃபைல் எப்படி இருக்கோ அப்படியே போடுங்க" என்று சொல்லிக் கொடுங்கள். முதலில் சின்னதாக ஒரு பிரிண்ட் போட்டுப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் பெருசு போடுவது நல்லது. நான் அப்படித்தான் போட்டு வாங்கி வந்தேன். பழைய படத்தைக் கழட்டிவிடலாமா என்று கேட்டேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "முப்பது வருசம் அதுக்குத்தான வெளக்குப் போட்டேன். அது பாட்டுக்கு இருக்கட்டும், இதப் பக்கத்துல மாட்டு." இரண்டு ஐயனும் இப்போது சுவரில் இருக்கிறார்கள்.

நெகட்டிவ்களைப் புதுக் கவரில் போட்டு, ஒரு மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, சூடு இல்லாத கீழ் அறையில் வைத்திருக்கிறேன். விதைக்குச் சொல்வதுதான் இதற்கும்: ஈரம் ஆகாது, உஷ்ணம் ஆகாது. ஸ்கேன் பண்ணியாச்சு என்று நெகட்டிவை வீசிவிடாதீர்கள்.

கூடவே ஒரு நோட்டும் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு படத்துக்கும் நம்பர் போட்டு, அம்மா சொல்லச் சொல்ல நிறத்தை எழுதுகிறேன். 14: அத்தை கட்டியிருப்பது மாம்பழ மஞ்சள், கரை நீலம். 31: வாசல் கதவு அப்போது பச்சைப் பெயிண்ட். 52: நாய் வெள்ளை அல்ல, சந்தன நிறம். மென்பொருள் வருஷா வருஷம் நல்லதாக வந்துகொண்டே இருக்கும், அதற்கு அவசரம் இல்லை. அந்தச் சேலை அரக்கா ஊதாவா, கதவு பச்சையா நீலமா என்று சொல்லத் தெரிந்தவர்களுக்குத்தான் வயசாகிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒருத்தர் இருந்தால், ஸ்கேனர் வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, நெகட்டிவை ஜன்னலுக்கு நேரே பிடித்து, பக்கத்தில் போய் உட்காருங்கள்.